‘என்ஜாய் எஞ்சாமி’யும் ஆசிரியர் பெயரும்

அண்மைக் காலத்தே தமிழில் தோன்றி உலகெங்கும் பரவிய பாடல்களுள் ‘என்ஜாய் எஞ்சாமி’ குறிப்பிடத் தக்கது. 2021 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7 ஆம் நாள் யூடியூப் வாயிலாக வெளிவந்த இப்பாடலைத் தீ, அறிவு என்னும் இருவர் பாடியுள்ளனர்; இசை ஆக்கியவர் சந்தோஷ் நாராயணன்; காட்சிகளை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். திரைப்படம் எதனையும் சாராது தனித்து நின்ற பாடல் இது. அங்ஙனம் நின்றும் நாற்பது கோடி முறைக்கு மேல் காணப்பெற்றுள்ளது. இத்தகைய பாடலை ஆராய்ச்சி இதழில் எடுத்துப் பேசுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். தகும் என்பதே நம் கருத்து. முதுகலை மாணவர் இதனை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. அவ்வாறு எடுப்போர் ‘ஆசிரியர்’ என்னும் இடத்தில் ஒருவர் பாடகியின் பெயரையும், மற்றொருவர் இசையமைப்பாளரின் பெயரையும், வேறொருவர் ‘நாட்டுப்பாடல்’ என்பதையும் எழுதுவராயின், அவற்றுள் எதனை நாம் ஒப்புவது? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பாடலின் இனம் யாதெனக் காண்போம். மேலை நாட்டார் ‘பாலட்’ என்பது பழங்காலத்தில் கதைப்பாடலையும், இக்காலத்தில் உள்ளத்தை உருக்கும் மெல்லிசைப் பாடலையும் குறிக்கும். நம் பாடலோ தாளத்தால் ஆடலுக்குரியது; ஆயினும் உள்ளீட்டால் ஒரு குடியின் கதை; அக்கதையும் ஒப்பாரியின் வழியே சொல்லப்படுகிறது. ஒப்பாரி என்பது இறந்தாரை எண்ணி அழுவது மட்டுமன்று. அழுகின்றவள் இறந்தவரின் சிறப்பைக் கூறத் தொடங்கித் தன் வாழ்வின் குறையைக் கூறி முடிப்பதனை நாட்டுப்புறத்தில் இன்றும் கேட்கலாம். பிறர்க்காக வளர்த்த தோட்டத்தின் பயன் தனக்குக் கிட்டாமை இப்பாடலின் நடுவே வரும் பொருள். தொல்காப்பியர் கூறும் கையறுநிலை தலைவனை இழந்தார் கூற்று. இது நிலத்தை இழந்தார் கூற்று. இவ்வொன்றே வேறுபாடு.

தலைப்பைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். பல்லாவரத்தில் 1911 முதல் வாழ்ந்து, 1916 இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் இத்தலைப்பைக் கேட்டிருப்பின் முகஞ் சுளித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. அடிகள் வாழ்ந்த இடத்திற்குச் சில கல் தொலைவிலுள்ள தாம்பரத்திலிருந்து இதனை எழுதும் நமக்கும் ஆங்கிலச் சொல் உவப்பன்று. ஆயின் பின்வருஞ் சொல்லின் நயம் வேறு. ‘என் சாமி’ என்பது பேச்சு வழக்கில் ‘எஞ்சாமி’ எனத் திரியும். பண்ணையார் முன் கைகட்டி நின்று விளிப்பதும் இச்சொல்லே. பாட்டி பெயரனை மடியிலிருத்திக் கொஞ்சுவதும் இச்சொல்லே. பணிவுக்கும் அன்புக்கும் பொதுவாய் நின்ற சொல்லைப் பணிவினின்றும் மீட்டு அன்புக்கே உரியதாக்குகிறது பாடல்.

அப்பாட்டி கற்பனையில் தோன்றியவர் அல்லர். அறிவு அரக்கோணத்தைச் சார்ந்தவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். அவர் பெயர் பாடலில் வருகிறது. காணொளியிலும் அவர் தோன்றுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் சேம்சு டெய்லர் என்பார் தேயிலை பயிரிட்ட பின் அத்தோட்டங்களுக்கும், தமிழகத்தினின்றும் உழவர் குடிகள் சென்றன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கை 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்தற்கு. எஞ்சியோரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களைத் தேங்காய் எண்ணுவதுபோல் எண்ணிய இவ்வரலாறு நம் இலக்கிய வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை. ஒரு பாடல் அதனை இளைஞர் வாயில் வைத்தது.

இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கிய அம்மக்களுள் சென்னைப் பக்கம் வந்தோர் தாம்பரத்தைக் கடந்தே வந்திருப்பர். 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது இராமேசுவரத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே புதிய தொடர்வண்டியும் தொடங்கிற்று. நம் ஊர்ப்பெயரும் அவ்வழியும் அத்துணை நெருக்கமுடையன. நீர்நிலை விலங்குகளுக்கும் உரியது என்னும் பாடலின் கருத்தும் இப்பகுதியார்க்கு வெறுங் கவிதையன்று. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை என ஏரிகளின் பெயராலேயே நாம் முகவரி எழுதுகின்றோம். ஏரி சுருங்க மனை பெருகிய ஊர்கள் இவை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ட மாணவர்க்கு அப்பகுதியை விளக்க ஆசிரியர் வேண்டுவதில்லை.

இனி ஆசிரியர் பெயருக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் சான் வின்சென்ட் டி பால் என்பாரும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் அதனைக் கண்டித்தனர். 2022 சூலை 28 ஆம் நாள், மாமல்லபுரத்தில் நிகழ்ந்த 44 ஆம் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்க விழாவில் இப்பாடலைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு ஆங்கு இல்லை. சின்னாட்களில் அறிவு அறிக்கை வெளியிட்டார்: பாடலை ஆக்கியவரும் எழுதியவரும் பாடியவரும் தாமே என்றார். சந்தோஷ் நாராயணன், இசை அமைத்தவர் தாம் என்றும், வருவாயும் உரிமையும் மூவர்க்கும் சமம் என்றும் விடையிறுத்தார். 2024 மார்ச்சில், இப்பாடலால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்றும் அவர் வெளிப்படக் கூறினார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) தன் 57 ஆம் பிரிவில், உரிமையைப் பிறர்க்கு விற்ற பின்னும், படைப்பு தன்னுடையது எனக் கூறிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவர்க்கே வைத்துள்ளது. ஆயின் வழக்காடுவது நம் தொழிலன்று. பெயரைப் பிழையின்றிக் குறிப்பது நம் தொழில்.

இதற்கு நம் முன்னோர் வழி வகுத்துள்ளனர். பரிபாடல் எழுபதுள் முழுமையாகக் கிடைத்தவை 22. 1918 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலின் பாட்டுகளுக்குரிய பழங்குறிப்புகளை நோக்குக. ஐந்தாம் பாட்டைப் பாடியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் கண்ணனாகனார், பண் பாலையாழ். சொல்லுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர், பண்ணுக்குத் தனிப் பெயர் என மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டன. ஒருவர் பெயர் மற்றவர் பெயரை மறைக்கவில்லை. இக்கால இசை நிறுவனங்கள் விளம்பரத் தாளில் செய்யத் தடுமாறுவதனைப் பழைய ஏட்டில் குறிப்பு எழுதியவர் ஒரே வரியில் செய்து முடித்தார்.

பெயர் கிடையாதவிடத்தும் அவர் வாளாவிருக்கவில்லை. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனப் பாட்டின் தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர். பாட்டு இருந்து பாடியவர் இல்லாத நிலையை அவர்கள் பொறுத்திலர் என்பது தெளிவு. நாமோ நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதிப் பாடிய மூதாட்டியின் பெயரை விட்டுவிட்டோம். ‘மக்கள் அனைவர்க்கும் பொது’ என்னும் தொடர் கேட்டற்கு இனிது. பெரும்பாலும் அது உழைத்தவளின் பெயரை விடுதற்கே பயன்பட்டுள்ளது.

வாய்மொழியினின்றும் எடுத்த பொருளாதலின் அறிவையும் ஆசிரியர் எனல் ஆகாது என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் நில்லாது. வழிவழி வந்த உவமையையும் தொடரையும் எடுத்தாண்ட காரணத்தால் சங்கப் புலவர் எவரையும் நாம் ஆசிரியர் அல்லர் என்பதில்லை. எடுத்ததனை எவ்வரிசையில் கோத்தார், எவர் வாயில் வைத்தார் என்பதே ஆக்கம். பாடல் வரிகள் அறிவு எழுதியவை. இசையைப் பற்றி இருவர் கூற்றும் மாறுபடுதலின், மாறுபாட்டையும் சேர்த்தெழுதுதலே நேர்மை.

எனவே ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் மாணவர் பரிபாடல் முறையிலேயே எழுதுவாராக: பாட்டு, அறிவு, பாடியோர், தீ, அறிவு, இசை, சந்தோஷ் நாராயணன், அறிவு தம் பங்கும் உண்டென்பர், காட்சி, அமித் கிருஷ்ணன், வாய்மொழி மூலம், வள்ளியம்மாளும் அவர் தலைமுறையினரும். பண் எழுதும் இடத்தை வெறுமையாக விடவேண்டா. ஒப்பாரி என்று எழுதலாம்.