வானவழித் தமிழகம் – 9: மெரினாவுக்கு மேலே டகோட்டா

இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினா கடற்கரைக்கு மேல் வான் சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. காலை 11 மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம் நீடித்த அந்த நிகழ்ச்சியில் 72 விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பங்கேற்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதாக மதிப்பிடப்பட்டது. விழாவின் அணிவகுப்பு, அக்டோபர் 8 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்தில் நடந்தது.

அக்டோபர் 8 என்பது படை பிறந்த நாள். 1932இல் அந்த நாளில் படை முறைப்படி நிறுவப்பட்டது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு இயங்கத் தொடங்கியது. படை நிறுவப்பட்ட அதே மாதம் 15ஆம் தேதி, அதே கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து மெட்ராஸ் வரை அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ஆனால் மெட்ராஸ் மக்கள் விமானத்தைப் பார்த்தது அதற்கும் முன்பே. ஹோட்டல் உரிமையாளர் ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் சிம்சன் பட்டறையில் உருவாக்கிய விமானத்தை 1910இல் தீவுத்திடலில் பறக்கவிட்டுக் காட்டினார். சென்னையில் விமானம் பார்க்கக் கூட்டம் கூடும் வழக்கம் நூறாண்டைத் தாண்டியது.

ஆண்டு விழா நெடுங்காலம் டெல்லியை அடுத்த ஹிண்டன் தளத்தில் நடந்துவந்தது. 2022இல் அது சண்டிகருக்குப் போனது. சாகசங்கள் சுக்னா ஏரிக்கு மேல் நடந்தன. 2023இல் பிரயாக்ராஜில் திரிவேணி சங்கமம், 2024இல் மெரினா, 2025இல் குவாஹாட்டியில் பிரம்மபுத்திரா. ஏரி, ஆறு, கடல் என்று ஒவ்வொரு முறையும் நீர்ப்பரப்பு தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். விமானம் தடுமாறினாலும் கீழே வீடுகள் இல்லை. விமானிக்குத் தட்டையான தொடுவானம் கிடைக்கிறது. கரையில் நிற்பவர்களுக்கு மறைப்பில்லாத பார்வை. ஜவ்வாது மலையில் கோடை விழாவுக்குக் கூட்டம் கூடும் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் இப்படியொரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கே சுற்றிலும் ஏறி இறங்கும் முகடுகள். சரிவுகளில் மோதிச் சுழலும் காற்று. கூட்டம் கலைந்து போகவோ கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதைதான். தாழப் பறக்கும் ஜெட் விமானத்துக்கு மலைப்பகுதி ஏற்றதல்ல.

பார்வையாளருக்கும் விமானத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தை உலகம் பலி கொடுத்தே கற்றது. 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு விமானம் வானிலேயே சிதறியது. அதன் பாகங்கள் கூட்டத்தில் விழுந்து 29 பார்வையாளர்கள் இறந்தனர். விமானத்தில் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் விமானங்கள் மோதிக்கொண்டன. அவற்றில் ஒன்று கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்ததால் 70 பேர் மாண்டனர். 2002இல் உக்ரைனின் லிவிவில் ஒரு சுகோய் 27 கூட்டத்துக்குள் பாய்ந்து 77 பேரைக் கொன்றது. கூட்டத்தை நோக்கிச் சாகசம் செய்யக் கூடாது, பார்வையாளர் வரிசைக்கு இணையான கோட்டில்தான் பறக்க வேண்டும் என்ற விதி இப்படித்தான் வலுப்பெற்றது. 2025 நவம்பர் 21 அன்று துபாயில் இந்தியாவின் தேஜஸ் விழுந்தபோது அதன் விமானி உயிரிழந்தார். பார்வையாளர் எவருக்கும் உயிரிழப்பு இல்லை.

மெரினாவில் பறந்தவற்றில் வயதில் மூத்தவை இரண்டு: டகோட்டாவும் ஹார்வர்டும்.

டகோட்டா எனப்படும் டி.சி. 3 வகை விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. இரண்டாம் உலகப் போரில் ஆளும் சரக்கும் ஏற்றிய இந்த விமானம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் போரிலும் பெரும்பங்கு வகித்தது. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்களே. அன்று விமான நிலையம் கைவிட்டுப் போயிருந்தால் காஷ்மீரின் வரலாறே வேறாகியிருக்கும். அன்று பறந்த ஒரு டகோட்டாவின் எண் வி.பி. 905. மெரினாவுக்கு மேல் பறந்த டகோட்டா தன் வாலில் தாங்குவது அந்த எண்ணைத்தான். ஆனால் இது அந்த விமானமல்ல. அயர்லாந்தில் பழைய இரும்பாகப் போகவிருந்த ஒரு டகோட்டாவை, டகோட்டா விமானியாக இருந்த ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் மகன் ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் சீரமைத்து விமானப்படைக்குப் பரிசளித்தார். ‘பரசுராமா’ என்று பெயரிடப்பட்ட அது 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பல நாடுகளில் இறங்கி ஏறிப் பறந்தே இந்தியா வந்தது. மே 4 அன்று ஹிண்டனில் படையில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய விமானத்தை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைப்பது எளிது. பறக்கும் நிலையில் வைத்திருப்பதே அருஞ்செயல். அதன் இரண்டு எஞ்சின்களிலும் 14 சிலிண்டர்கள் அச்சைச் சுற்றி வட்டமாக அமைந்திருக்கும். விமானம் நின்றுகொண்டே இருந்தால் கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் ஆயில் வடிந்து தேங்கிவிடும். அந்த நிலையில் எஞ்சினை முடுக்கினால் உள்ளே உடைந்துபோகும். அதனால் கிளப்புவதற்கு முன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். எரிபொருளும் வேறு. ஜெட் விமானம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுகிறது. பழைய பிஸ்டன் எஞ்சினுக்கு விமானப் பெட்ரோல் வேண்டும். இந்தியன் ஆயில் 2022இல் அதைக் குஜராத் ஆலையில் தயாரிக்கத் தொடங்கும்வரை நாடு இறக்குமதியை நம்பியிருந்தது.

விமானிக்கும் சோதனை உண்டு. டகோட்டா, ஹார்வர்டு இரண்டுக்கும் முன்னே இரு பெரிய சக்கரங்களும் வாலில் ஒரு சிறு சக்கரமும்தான். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் அமைவதால், தரையிறங்கும்போது மூக்கு சற்றே விலகினாலும் வால் முந்திக்கொண்டு வந்து விமானத்தைச் சுழற்றிவிடப் பார்க்கும். மூக்கில் சக்கரம் கொண்ட விமானங்களிலேயே பழகிய இன்றைய விமானி, கால் மிதியை ஓயாமல் இயக்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்க வேண்டும். ஹார்வர்டு பயிற்சி விமானமாகப் பல நாடுகளில் ஒரு தலைமுறையையே உருவாக்கியதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம். அது தாம்பரத்தை ஒட்டிய வானில் பறந்தது பொருத்தமே. விமானப்படையின் பயிற்றுநர்களுக்கான பள்ளி 1954 முதல் தாம்பரத்தில்தான் இருக்கிறது.

இவற்றோடு ரஃபேல், சுகோய் 30, மிராஜ், மிக் 29, ஜாகுவார் ஆகியவை வந்தன. தேஜஸ் தமிழகத்துக்கு நெருங்கிய விமானம். அதன் முதல் ஸ்குவாட்ரன்கள் கோவையை அடுத்த சூலூரில் நிலைகொண்டிருந்தன. மயிலின் பெயர் தாங்கிய சாரங் ஹெலிகாப்டர் குழுவின் தளமும் சூலூர்தான். 1996இல் உருவான சூரிய கிரண் குழு, கிரண் விமானங்களை விட்டுவிட்டு இன்று ஒன்பது ஹாக் ஜெட்களில் பறக்கிறது. இறக்கைகளுக்கிடையே சில மீட்டர் இடைவெளியே வைத்து அவர்கள் பறப்பது பல மாதப் பயிற்சியின் விளைவு. 2019 பிப்ரவரியில் பெங்களூருவில் ஒத்திகையின்போது இரண்டு ஹாக்குகள் மோதி விமானி ஒருவர் இறந்த பின்னும் அந்தக் குழு ஓயவில்லை.

டகோட்டாவின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஜெட்கள் அதைப்போல மூன்று மடங்கில் வரும். வெவ்வேறு தளங்களிலிருந்து கிளம்பும் இவை கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்ற, ஒவ்வொன்றின் நேரமும் நொடிக்கணக்கில் வகுக்கப்படுகிறது.

வானத்தில் இருந்த அந்தக் கணக்கு தரையில் இல்லை. உச்சி வெயிலில் நிழலின்றி, போதிய குடிநீரின்றி லட்சக்கணக்கானோர் மணலில் நின்றனர். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காமராஜர் சாலைக்கும் பறக்கும் ரயில் நிலையங்களுக்கும் பாய்ந்தனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. விமானம் விழுந்து ஒருவருக்கும் கீறல்கூட இல்லாத ஒரு நாளில் இத்தனை பேர் பாதிக்கப்பட்டது தவிர்த்திருக்கக்கூடிய துயரம்.

நேரத்தை மாற்றுவதே முதல் தீர்வு. மெரினா கிழக்கு பார்த்த கடற்கரை. காலையில் சூரியன் பார்வையாளரின் கண்ணுக்கு நேரே. நண்பகலில் தலைக்கு மேல். மூன்றரை மணிக்குப் பிறகோ முதுகுக்குப் பின்னால். அப்போது விமானங்களின் மேல் நேரடியாக வெளிச்சம் விழும், கடற்காற்றும் வீசத் தொடங்கியிருக்கும். அக்டோபர் மாலைகளில் இடிமழை வரலாம் என்பது மெய்தான். அதற்கு மாற்று நாள் ஒன்றை ஒதுக்கலாம். மெரினாவில் அடுத்த முறை விமானங்கள் பறக்கும்போது நிகழ்ச்சியை மாலைக்கு மாற்றி, நிழற்பந்தலும் தண்ணீரும் பகுதி பகுதியாகக் கூட்டத்தை அனுப்பும் ஏற்பாடும் உறுதியான பிறகே அனுமதி வழங்க வேண்டும்.