தேய்க்கத் தேய்க்க உள்ளே ஏறும் சுணை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் காளப்பநாயக்கன்பட்டியில் முருங்கை மரத்தில் சாய்ந்து நிற்க யாரும் துணிய மாட்டார்கள். அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் பட்டையோடு பட்டையாக அப்பிக் கிடக்கும். கொல்லிமலை அடிவாரப் புதர்களுக்குள் விறகு பொறுக்கப் போகிறவர்கள் பூனைக்காலிக் கொடியைக் கண்டதும் ஒதுங்கி நடப்பார்கள். வேலியோரம் செந்தட்டி முளைத்திருந்தால் குழந்தையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஒன்று பூச்சி, மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாத செடிகள். ஆனால் மூன்றின் ஆயுதமும் ஒன்றே: தோலில் குத்தி அரிப்பெடுக்க வைக்கும் மெல்லிய முடி, அதாவது சுணை.

இந்தச் சுணையை எதிரியின் மேல் எறிந்தே தாக்கும் உயிர்களும் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் டாரன்டுலாச் சிலந்திகள் அவை. சாதுவான குணமும் அடர்ந்த ரோமமும் கொண்ட இவற்றைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் இவற்றின் கடியைவிட முதுகுப்புறத்துக்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள். மிரண்டுபோன சிலந்தி திரும்பி நின்று, பின்னங்கால்களை வயிற்றின் மேற்புறத்தில் படபடவென்று தேய்க்கும். அங்கே நெருக்கமாக நிற்கும் முடிகள் காம்பு ஒடிந்து காற்றில் கிளம்பும். நிறைய உதிர்த்துவிட்ட சிலந்தியின் முதுகில் ஒரு வழுக்கைத் திட்டு தெரியும். அடுத்த முறை தோலுரிக்கும்போதுதான் அங்கே புது முடி வரும். வளர்ந்த சிலந்திக்கு அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோகூட ஆகலாம். ஆக, கையிருப்பு குறைவான ஆயுதம் இது. அதைச் சிலந்தி வீணாக்குவதில்லை.

1972-இல் ஜே. ஏ. எல். குக் என்ற சிலந்தியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த முடிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். இன்று அந்தப் பட்டியல் ஏழாக நீண்டிருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு தந்திரம். சில வகைகள் காற்றில் மிதந்து போய்த் துரத்தி வரும் விலங்கின் மூக்கையும் கண்ணையும் தேடும். மரத்தில் வாழும் சில சிலந்திகளின் முடி பறப்பதே இல்லை. வயிற்றை எதிரியின் மேல் அழுத்தி ஒட்டிவிட்டுப் போகின்றன. ஒரு பேரினத்தில் முடி முதுகில் இல்லாமல் முகத்தருகே உள்ள உணர்காலில் முளைக்கிறது. தென் அமெரிக்காவின் கோலியாத் டாரன்டுலா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. முட்டைப்பை நெய்யும்போதே பட்டிழைக்குள் தன் முடிகளைச் சேர்த்து நெய்துவிடுகிறது. முட்டைகளைத் தின்ன வரும் ஈப்புழுக்கள் அந்த முள்வேலியைத் தாண்டத் திணறுகின்றன. தாய் அருகில் இல்லாத நேரத்திலும் காவல் இருக்கிறது.

முடி தோலுக்குள் இறங்கும் விதத்துக்கு வருவோம். குக் குழு ஆராய்ந்ததில் ஒரு வகை முடி மனிதத் தோலில் 2 மில்லிமீட்டர் ஆழம்வரை போகக்கூடியது. நம் மேல்தோலின் தடிமன் உடம்பின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் மேல்தோலைப்போல இருபது மடங்கு ஆழம்; நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களும் இருக்கும் அடித்தோலுக்குள் அது போய்விடுகிறது. இத்தனைக்கும் அந்த முடிக்குத் தசையும் இல்லை, உயிரும் இல்லை. அதை உள்ளே செலுத்தும் விசை எங்கிருந்து வருகிறது?

அதன் உடம்பெங்கும் நுண்ணிய கொக்கிகள் ஒரே திசை பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. முன்னே போனால் கொக்கிகள் மடங்கி வழிவிடும். பின்னே இழுத்தால் விரிந்து சதையைப் பற்றிக்கொள்ளும். காட்டு வழியில் நடக்கும்போது வேட்டியில் ஏறும் ஊசிப்புல் இப்படித்தான் செய்கிறது. நாம் காலை அசைக்க அசைக்க அது துணிக்குள் மேலும் மேலும் ஏறுகிறது. சிலந்தி முடிக்கும் அசைவு மட்டும் போதும். தோல் சுருங்கினாலும் விரிந்தாலும், விரலால் தேய்த்தாலும் அந்த அசைவு ஒரே திசைப் பயணமாக மாறிவிடுகிறது. நாம் சொறியும் கைதான் அதற்கு இயந்திரம். அடிபட்டவரின் கையைக்கொண்டே தன் வேலையை முடித்துக்கொள்ளும் ஆயுதம் என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2009-இல் ஓர் இளைஞருக்கு ஒரு கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பட்டாலே கூசியது. மூன்று வாரமாக அப்படியே. கிருமித்தொற்று என்று கருதிக் கொடுத்த மருந்துக்கு அது அடங்கவில்லை. கண் மருத்துவர்கள் உயர் உருப்பெருக்கத்தில் பார்த்தபோது கருவிழிக்குள் மெல்லிய முடிகள் குத்தி நிற்பது தெரிந்தது. அதைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது: தான் வளர்க்கும் சிலி ரோஜா டாரன்டுலாவின் தொட்டியில் ஒரு கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த சிலந்தி ஒரு முடிப்படலத்தை முகத்தில் வீசியிருந்தது. நுண் இடுக்கியாலும் எடுக்க முடியாத அளவுக்கு முடிகள் சிறியவை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் வீக்கத்தை அடக்குவது ஒன்றே வழியாக இருந்தது. 2010 தொடக்கத்தில் ‘லான்செட்’ இதழில் இந்த விவரம் வெளியானது.

கொல்லிமலைப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மரப்பொந்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். நம் மலைச் சிலந்திகளிடம் இந்த ஆயுதம் கிடையாது. ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என எங்கேயும் டாரன்டுலாக்களுக்கு அரிப்பு முடி இல்லை. அமெரிக்கக் கிளையில் மட்டுமே அது இருக்கிறது. தமிழ்நாட்டுக்குச் சொந்தமான பெரிய மரச்சிலந்திகள் இரண்டை 1899-இல் ஆர். ஐ. பொகாக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஒன்று அரக்கோணத்தில் கிடைத்தது. இன்னொன்று சேலம் பகுதியில். 1997 வரை நம் நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான் என்பதால் அதைப் பக்கத்து வீட்டுச் சிலந்தி என்றே சொல்லலாம். பொயிசிலோதேரியா என்ற பேரினத்தைச் சேர்ந்த இவை பழைய மரங்களின் பொந்துகளில் வாழ்கின்றன. சாம்பலும் கறுப்புமாகக் கோலமிட்டதுபோல் இருக்கும் இவற்றை மரப்பட்டையிலிருந்து பிரித்துப் பார்ப்பதே கடினம். இவற்றின் தற்காப்பு ஒளிவது, ஓடுவது, வேறு வழியில்லாதபோது கடிப்பது. கடி உயிரைப் பறித்ததாகப் பதிவில்லை. ஆனால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும்; ஆகவே கை வைக்கக் கூடாது.

இந்த வேறுபாடு ஏன் என்று கேட்டால் பதில் கண்டங்களின் பயணத்தில் தொடங்குகிறது. 2021-இல் சீர்ஷா ஃபோலி தலைமையிலான குழு, டாரன்டுலாக்களின் மரபணுத் தரவுகளை ஒப்பிட்டு அவற்றின் வம்சாவளியை வரைந்தது. அதன்படி இந்தக் குடும்பம் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், இன்றைய அமெரிக்க நிலப்பரப்பில் தோன்றியது. அரிப்பு முடி இருப்பது அங்கேயே தங்கிய கிளையில்தான்; மற்றவை அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பரவின. இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டாத தனி நிலம், வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நிலத்தின் மேலேயே மண்ணில் வளை தோண்டும் மரபும் மரத்தில் ஏறும் மரபும் தனித்தனியாகப் பிரிந்தன. இந்தியா ஆசியாவில் மோதியபின் இரண்டும் வெவ்வேறு காலத்தில் ஆசியாவுக்குள் நுழைந்தன. எட்டுக்கால் உயிர் ஒன்று ஒரு கண்டத்தின் முதுகில் ஏறிப் பெருங்கடலைக் கடந்து வந்திருக்கிறது.

நம் சிலந்தியிடம் இல்லாத சுணை நம் செடிகளிடம் ஏராளம். செந்தட்டியின் முடிக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஈட்டிபோல நீண்டு நிற்கிறது. தோல் பட்டதும் முடியின் முனை உடைய, படிகம் குத்துகிறது. அதில் ஓடும் பள்ளத்தின் வழியே எரிச்சல் திரவம் உள்ளே வழிகிறது. ஊசியும் மருந்துக்குழாயும் ஒரே செல்லுக்குள் அடங்கிவிட்டன.

பூனைக்காலிதான் இவற்றில் தனிச்சிறப்பு வாய்ந்தது. அதன் காயைப் போர்த்தியிருக்கும் பொன்னிறச் சுணையில் ஒரே ஒரு இழை தோலில் குத்தினாலும் அரிப்பு கிளம்பும். நெடுங்காலமாக அரிப்பென்றால் காரணம் உடம்பு வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள், அதற்கு மருந்து ஹிஸ்டமின் தடுப்பி என்பதே மருத்துவத்தின் கணக்காக இருந்தது. பூனைக்காலியின் அரிப்பு அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அந்தத் தடுப்பிக்கு அது அடங்குவதில்லை. 1955-இல் வால்டர் ஷெல்லியும் ராபர்ட் ஆர்தரும் சுணையின் வினைப்பொருளைப் பிரித்தெடுத்து முகுனெய்ன் என்று பெயரிட்டார்கள். அது புரதத்தை வெட்டும் ஒரு நொதி. அது எதை வெட்டுகிறது என்பது தெரிய 2008 ஆனது. வேமுரி ரெட்டி, ஈத்தன் லெர்னர் குழுவினர் அமெரிக்காவில் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் செல்களின் மேற்பரப்பில் வெளிச் செய்திகளை வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்கள் உண்டு. ஏற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றில் ஒரு வகை விசித்திரமானது: தன்னை இயக்கும் சாவியைத் தன் வாலுக்குள்ளேயே மறைத்து வைத்திருக்கிறது. முகுனெய்ன் அந்த வாலின் நுனியை நறுக்குகிறது. மறைந்திருந்த பகுதி வெளிப்பட்டு, வளைந்து வந்து, தன் ஏற்பியைத் தானே முடுக்கிவிடுகிறது. அரிப்பு பிறக்கிறது.

அந்தச் செய்தியைச் சுமப்பவை மெல்லிய சி-நரம்பிழைகள். அவற்றில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில்தான் போகும். மனிதர் நடக்கும் வேகம் அது. ஹிஸ்டமின் அரிப்பும் பூனைக்காலி அரிப்பும் இந்த இழைகளில் வெவ்வேறு வகைகளின் வழியே பயணிப்பதையும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். கரப்பான் போன்ற நாள்பட்ட தோல்நோய்களின் அரிப்பு ஹிஸ்டமின் தடுப்பிகளுக்கு ஏன் சரிவர அடங்குவதில்லை என்ற கேள்விக்கு இதனால் ஒரு புது வாசல் திறந்தது. இன்றும் அரிப்பு ஆய்வுக்கூடங்களில் தன்னார்வலர்களின் கையில் பூனைக்காலிச் சுணையைக் குத்திப் பார்க்கிறார்கள். அதே காயின் விதையிலிருந்து 1937-இல் எல்-டோபாவைப் பிரித்தெடுத்தவர்கள் சென்னையின் தாமோதரனும் ராமசாமியும். பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு முதன்மையான மருந்தானது அந்த எல்-டோபா. தோலைத் தண்டிக்கும் காய்க்குள் மூளைக்கான மருந்து இருந்திருக்கிறது.

முருங்கைக் கம்பளிப்பூச்சியை இந்த வரிசையில் இளக்காரமாக நினைக்கக் கூடாது. பல கம்பளிப்பூச்சிகளின் முடி உள்ளீடற்ற குழல். அடியில் நச்சுச் சுரப்பி. கண்ணில் விழுந்தால் கொக்கிகள் வழக்கம்போலத் தங்கள் வேலையைத் தொடங்கும். லீட்ஸ் இளைஞருக்கு வந்த கண்நோய், சிலந்தி வளர்ப்பு பரவும் முன்பே, கம்பளிப்பூச்சி முடியை வைத்துத்தான் மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. நம் வட்டாரத்திலும் இது அரிய நோய் இல்லை. கம்பளிப்பூச்சி முடி எந்தச் சூழலில் கண்ணின் உட்பகுதிவரை ஊடுருவுகிறது என்று புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் கட்டுரை எழுதினார்கள். வெண்படலத்தில் நிற்கும் முடி தொந்தரவு. கருவிழியைத் துளைத்து விழித்திரைவரை போய்விட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஒரே முடி ஒருவருக்கு அரைமணி நேர நமைச்சல், இன்னொருவருக்கு வாரக்கணக்கில் தடிப்பு. இதற்கு ஒரு காரணம் நம் எதிர்ப்பாற்றலின் நினைவு. 1995-இல் பிரேசில் மருத்துவர்கள், தொழில் நிமித்தம் டாரன்டுலாக்களோடு பழகிய ஒருவருக்கு அந்த முடிக்கே ஒவ்வாமை உண்டாகியிருந்ததைப் பதிவு செய்தார்கள். பழகப் பழக உடம்பு மரத்துப்போகும் என்று நம்பி வெறுங்கையைத் தொட்டிக்குள் விடுவது தவறு. சிலருக்கு அது நேர்மாறாகவே முடியும்.

வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். நம் மரச்சிலந்திகளின் முழுப் பேரினமும் 2019-இல் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

சொறிந்தால் சுகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: நகம் தரும் சிறு வலி, அரிப்புச் செய்தியைத் தண்டுவடத்திலேயே அமுக்கிவிடுகிறது. அந்த ஒரு நொடிச் சுகத்துக்காக முடியை நாமே ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அதனால் கம்பளிப்பூச்சியோ டாரன்டுலாவோ பூனைக்காலியோ, எது பட்டாலும் தேய்க்காதீர்கள். ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் மெல்ல ஒட்டி எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத்துண்டு நாடா. பிறகு ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடுத்திருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டிருந்தால் கசக்காமல், தண்ணீரில் அலசிவிட்டு, வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.