படக்குறிப்பு

அவையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கின்றார். கேட்போர் சிலர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, அவர் கூறும் சொற்களை ஒன்று விடாமல் எழுத முயல்கின்றனர். நா ஓடும் விரைவிற்குக் கை ஓடுவதில்லை. முன் கூறியதை எழுதி முடிப்பதற்குள் பின் கூறியது நழுவி விடுகின்றது. பக்கங்கள் நிறைகின்றன, ஆனால், கேட்டது யாது என்று வினவினால் விடை வருவதில்லை. இக்குறையைப் போக்கும் முறைகளுள் ஒன்று படக்குறிப்பு. கேட்டவற்றுள் இன்றியமையாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, சில சொற்களாலும் எளிய கோட்டுப் படங்களாலும் தாளில் அமைத்துக்கொள்வதே படக்குறிப்பாகும்.

இம்முறையை விரும்பிக் கையாள்வோருள் வடிவமைப்பாளர் குறிப்பிடத்தக்கவர். கருவிகளையும் கணிப்பொறித் திரைகளையும், அவற்றைக் கையாளும் மக்களுக்கு எளிதாக இருக்குமாறு அமைத்துத் தருவது இவர்தம் தொழில். பயன்படுத்துவோர் அடையும் அனுபவத்தையே அளவுகோலாகக் கொள்வதால், இத்துறை பயனர் அனுபவ வடிவமைப்பு எனப் பெயர் பெற்றது. மேலைநாட்டு நகரங்கள் பலவற்றில் இத்துறையினர் நூல் வட்டங்கள் அமைத்துள்ளனர். ஒரு நூலைத் தேர்ந்து, அவரவர் இல்லத்தில் படித்துவிட்டு, பின்னர் ஓரிடத்தில் கூடி அதைப் பற்றி உரையாடுவர். பேச்சு எங்கெங்கோ கிளைத்துச் செல்லும் அக்கூட்டத்தில், யாரேனும் ஒருவர் மூலையில் அமர்ந்து அதனைப் படமாக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

இத்துறையினர் பெரிதும் போற்றும் நூல், அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். அன்றாடப் பொருள்களின் உளவியல் என்னும் பொருள்படப் பெயரிடப்பட்ட அந்நூல், பின்னர் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2013-இல் திருத்திய பதிப்பாகவும் வெளிவந்தது. தள்ள வேண்டிய கதவை ஒருவர் இழுத்துத் தடுமாறினால், குற்றம் அவருடையதன்று; கதவை அமைத்தவருடையதே என்பது நார்மனின் கொள்கை. நூலின் அட்டையில் ஒரு காப்பிக் கெண்டி காணப்படுகின்றது. பிரெஞ்சு ஓவியர் கரேல்மான் கற்பனையில் உருவான அக்கெண்டிக்கு மூக்கும் பிடியும் ஒரே பக்கத்தில் உள்ளன! அதைத் தூக்கிச் சாய்த்தால் சுடுகாப்பி ஊற்றுவோர் கையிலேயே விழும். நூல் முழுதும் விரித்துரைக்கும் கருத்தை அப்படம் ஒரு நொடியில் உணர்த்திவிடுகின்றது.

அந்நூலில் ஓர் அடுப்பும் எடுத்துக்காட்டாக வருகின்றது. நான்கு பர்னர்கள் சதுரமாக அமைந்திருக்கின்றன. அவற்றிற்குரிய குமிழ்கள் நான்கும் ஒரே வரிசையில் இருக்கின்றன. எந்தக் குமிழ் எந்தப் பர்னருக்கு உரியது? நான்கையும் நான்கோடு இணைக்க 24 வழிகள் உள்ளன. சமைப்போர் அவற்றுள் ஒன்றை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கின்றது. இதனைக் கேட்ட ஒருவர், “அடுப்பின் அமைப்புப் பொருத்தமற்றது” என்று எழுதிக்கொள்ளலாம். எழுதியவர் உண்மையில் உணர்ந்தாரா என்பது அவருக்கே தெரியாது. வரைபவர் நிலை வேறு. சதுரமாக நான்கு வட்டங்களையும், அவற்றின் கீழே வரிசையாக நான்கு புள்ளிகளையும் இட்டு, ஒன்றோடொன்றைக் கோட்டால் இணைக்க முற்படும்போதே அவருடைய கை தயங்குகின்றது. சமையலறையில் நிற்பவருக்கு நேரும் தயக்கமும் அதுவேயாம். பின்னர் அவர் குமிழ்களையும் சதுரமாக வரைந்து பார்க்கின்றார். இணைக்கும் கோடுகளே தேவையற்றுப் போகின்றன. எழுத்துக் குறிப்பில் அறியாமை ஒளிந்துகொள்ள இடமுண்டு; படத்தில் அதற்கு இடம் குறைவு.

அமெரிக்க வடிவமைப்பாளர் மைக் ரோடி என்பார் முதலில் பெரிய ஏட்டில் அனைத்தையும் எழுதிக் களைத்தவர். ஒருமுறை அவர் சிறிய ஏடு ஒன்றையும், அழிக்க இயலாத மைப்பேனா ஒன்றையும் மட்டும் எடுத்துச் சென்றார். இடம் சிறிது; அழிக்கவும் முடியாது. ஆகவே, எதை விடுவது, எதைக் கொள்வது என்று எண்ணியே கோடிட வேண்டியதாயிற்று. அப்பழக்கத்தை விளக்கி 2012-இல் அவர் ஒரு கையேடு வெளியிட்டார்.

பெயர் புதிதாயினும் செயல் பழையது. இலண்டன் மாநகரில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே, நூல் கட்டும் கடையில் தொழில் பயின்றுவந்தார். பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாத அவர், கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்தார். இரவில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்கும் சென்றார். ஒரு சொற்பொழிவிற்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதனை அவருடைய தமையனார் கொடுத்துதவினார். கேட்டவற்றைப் படத்தோடு எழுத விரும்பிய பாரடே, கடையின் மாடியில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் வரையக் கற்றுக்கொண்டார். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அளித்த சீட்டுகளைக் கொண்டு, புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். அவையில் சிறு சிறு குறிப்புகளாக எழுதியதை இல்லம் சென்று விரித்தெழுதினார். டேவி கையாண்ட கருவிகளை வரைந்து சேர்த்தார். ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட அதனைத் தம் கையாலேயே கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினார். நூல் கட்டும் தொழிலையே தொடருமாறு டேவி முதலில் அறிவுரை கூறினார். எனினும், உதவியாளர் இடம் ஒன்று வெறுமையானபோது அவர் நினைவிற்கு வந்தவர் பாரடேதான். 1813 மார்ச்சில் பாரடே அப்பணியில் சேர்ந்தார். காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் நெறியை 1831-இல் அவர் கண்டார்.

தமக்கு ஓவியம் வராது என்று அஞ்சிப் பலர் இம்முறையைத் தொடுவதேயில்லை. கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வச்சத்திற்கு விடையாக அமைகின்றது. சில சொற்களைப் பன்முறை எழுதியும், சில சொற்களுக்குப் படம் வரைந்தும் பார்த்தவர்கள், வரைந்த சொற்களையே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். ஒரு சொல்லுக்கு நான்கே நொடிகள் தந்தபோதும் பயன் காணப்பட்டது. படம் அழகாக அமைந்ததா என்பது பொருட்டாகவில்லை. ஆனால், ஆண்டுகளும் அளவுகளும் பெயர்களும் படத்துக்குள் அடங்குவதில்லை. அவற்றை எழுதியே ஆகவேண்டும். தலைப்பிற்கு வண்ணம் தீட்டுவதில் ஆழ்ந்து, பேச்சைக் கேளாது விட்டுவிடுவோரும் உளர். அழகுத் தாள் ஒன்று கிடைக்கும், குறிப்புக் கிடைக்காது.

நூல் வட்டத்தில் உரையாடல் முடிந்தபின், வரைந்த தாளை மேசையின் நடுவே வைப்பர். “நான் கூறியது இதுவன்று” என ஒருவர் ஒரு படத்தைச் சுட்டுவார். வரைந்தவர் பேனாவை அவரிடமே தருவார். அவர் பக்கத்தில் வேறொரு படம் வரைவார். பேச்சு மீண்டும் தொடங்கும்.