பம்பாய் எந்த நாட்டில் இருக்கிறது?

நகரத்தின் பெயரைச் சொன்னால் நாட்டைச் சொல்ல வேண்டும். பொது அறிவுப் போட்டிகளில் இதைவிட எளிதாகத் தோன்றும் சுற்று வேறில்லை. தாராவியின் பள்ளிப் பிள்ளைகளிடம் மும்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 1661-இல் இங்கிலாந்து அரசரின் முதன்மை அமைச்சராக இருந்த கிளாரண்டன் பிரபு, பம்பாய் பிரேசிலுக்கு அருகில் இருப்பதாக எண்ணியிருந்தார் என்று நகர வரலாற்று நூல்கள் சொல்கின்றன. போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை மணந்த இரண்டாம் சார்லஸுக்குச் சீதனமாகப் பேசப்பட்ட தீவு அது. பிரேசிலும் அப்போது போர்ச்சுகல் வசம்தான் இருந்தது.

சீதனத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதிலும் சண்டை. சுற்றியுள்ள ஊர்களும் சேர்த்தி என்றனர் ஆங்கிலேயர். தீவு மட்டுமே என்றனர் போர்ச்சுகீசியர். 1665-இல் ஆங்கிலேயர் சார்பில் ஹம்ஃப்ரி குக் என்பவர் பம்பாயைப் பெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டுக்குள் மாஹிம், சயான், தாராவி, வடாலா ஆகியவையும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. செம்பூர்ப் பக்கமோ போர்ச்சுகீசியரிடமே தங்கியது. 1739-இல் மராத்தியர் அதை வென்றனர், 1774-இல்தான் ஆங்கிலேயர் பிடித்தனர். இன்று மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி வடாலாவில் மாறினால் செம்பூர் வந்துவிடும். அந்தச் சிறு தூரத்துக்குள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு ஆட்சிகள் இருந்தன.

கேள்வி தயாரிப்பவர்கள் விரிக்கும் வலை பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது, ஒரே பெயர். திரிபோலி லிபியாவின் தலைநகர்; லெபனானிலும் அதே பெயரில் ஒரு பெருநகர் உண்டு. ஜார்ஜ் டவுன் சென்னையில் ஒரு பேட்டை, பினாங்கில் ஒரு நகரம், கயானாவில் தலைநகரம். நம் சேலத்தின் பெயரைத் தாங்கிய ஊர்தான் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத் தலைநகர். இரண்டாவது வலை, புகழ்பெற்ற நகரமே தலைநகர் என்ற நினைப்பு. துருக்கிக்கு 1923 முதல் அங்காரா, பிரேசிலுக்கு 1960 முதல் பிரசிலியா, நைஜீரியாவுக்கு 1991 முதல் அபுஜா. இஸ்தான்புல், ரியோ, லாகோஸ் என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு இவையெல்லாம் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். ஊரை ஆறு, துறைமுகம், ஆட்சி என ஏதாவதொன்றோடு முடிந்து வைத்தவருக்கு நிற்கும். மும்பைக்காரர்களுக்கு இதற்கு அருமையான உதாரணம் கையருகிலேயே இருக்கிறது. 1839-இல் ஆங்கிலேயர் பிடித்த ஏடன் துறைமுகத்தை 1932 வரை பம்பாயிலிருந்தே நிர்வகித்தார்கள். கராச்சியும், சிந்து ஆற்றங்கரையில் உள்ள இன்னொரு ஹைதராபாத்தும் 1936 வரை பம்பாய் மாகாணத்து ஊர்கள். இன்றைய வினாத்தாளில் ஏடனுக்கு ஏமன், கராச்சிக்குப் பாகிஸ்தான், மும்பைக்கு இந்தியா என்று மூன்று விடை எழுத வேண்டும். 1931-இல் அதே வினாத்தாள் வந்திருந்தால் மூன்றுக்கும் பம்பாய் மாகாணம் என்று ஒரே விடை போதும்.