கல்லீரலில் ஒரு கறுப்புத் திட்டு

“காலி ஊசியில் காற்றை ஏற்றி ஆளைக் கொல்வதைச் சினிமாவில் பார்த்திருக்கிறேன். என் கணவருக்குக் குமிழி ஏற்றி ஸ்கேன் எடுக்கணும் என்கிறாரே டாக்டர்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’, அதாவது ஈரலில் கொழுப்பு. பித்தப்பை அருகே கறுப்பாக ஒரு திட்டு.

பயம் நியாயம்தான். ஆனால் இந்தக் குமிழி வேறு ரகம். மெல்லிய கொழுப்புப் படலத்துக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயு. சராசரி விட்டம் 2.5 மைக்ரான், சிவப்பணுவில் பாதிகூட இல்லை. வழக்கமாக ஏற்றும் 2.4 மில்லியில் உள்ள வாயு முழுவதையும் திரட்டினாலும் அரைச் சொட்டுத் தேறாது. சில நிமிடங்களில் மூச்சோடு போய்விடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை.

எனக்குப் பிடித்த விநோதம் இனிமேல்தான். பாட்டி வீட்டுப் பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டுக் கத்துவோம். ஒரேயொரு சுருதிக்கு மட்டும் அண்டாவும் கூடச் சேர்ந்து முனகும். இந்த அளவுக் குமிழியின் சுருதி சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். கல்லீரலைப் பார்க்க ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியும் ஏறக்குறைய அதுதான்! குமிழி விரிந்து சுருங்கி, தன் பங்குக்கு ஒரு மேல்சுரத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறது. கருவி அதைப் பிரித்தெடுத்து ரத்த ஓட்டத்தைப் படமாக்கும். ஆனால் தணிந்த குரலில்தான் பேச வேண்டும். உரக்கக் கத்தினால் குமிழி உடைந்துவிடும்.

அப்புறம் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். திட்டு முதல் அரை நிமிடம் பளிச்சிட்டு, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கினால் புற்றுநோயாக இருக்கலாம். ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல நிரம்பினால் பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா, தீங்கற்ற ரத்தக்குழாய்க் கட்டி. நாலைந்து நிமிடமும் சுற்றியுள்ள ஈரலைப் போலவே ஒளிர்ந்தால்? பித்தப்பை அருகே இருப்பது அநேகமாகக் கட்டியே அல்ல. கொழுப்பு படியாமல் தப்பிய நல்ல ஈரல்! குடலிலிருந்து வரும் ரத்தத்துக்குப் பதிலாக அந்த மூலைக்குப் பித்தப்பைச் சிரையின் ரத்தம் வருவதால், அங்கே கொழுப்பு சேர்வது குறைவு. சுற்றிலும் கொழுப்பு வெளுத்துக் கிடக்க, நல்ல இடம் கறுப்பாகத் தெரிகிறது.

எனக்கும் இப்படி ஒரு திட்டு இருந்தது. “கட்டி இல்லை” என்றதும் நேரே ஓட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக் கொண்டாடினேன். வீட்டில் எல்லாரும் கறுப்பைப் பற்றியே விசாரித்தார்கள். மிச்ச ஈரல் முழுக்கப் படர்ந்த வெள்ளையைப் பற்றி நான்கூடக் கேட்கவில்லை. உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைத்தாலே அந்தக் கொழுப்பும் வடியத் தொடங்கும் என்பது தெரிந்தும்தான்.

அம்மா, ஒவ்வாமையோ இதயக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிட்டு, அவரைத் தைரியமாக அனுப்பி வையுங்கள். நல்ல சேதி வந்தால் ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வெள்ளைக்கு என்ன செய்வது என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.