கெட்டியா, மெல்லியதா? என்ஜின் ஆயில் தேர்வின் இலக்கணம்

காருக்கு எந்த என்ஜின் ஆயில் ஏற்றது என்ற கேள்வி தமிழகத்தில் பெரும்பாலும் ஆயிலின் கெட்டித்தன்மையைப் பற்றியதாகவே எழுகிறது. வெயில் கடுமையான ஊருக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்ற எண்ணம் பட்டறைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் வேரூன்றியிருக்கிறது. கார்புரேட்டர் பொருத்திய பழைய என்ஜின்களுக்கு 20டபிள்யூ-50 போன்ற ஆயில்களே வழக்கமாக இருந்த நாட்களில் அந்த எண்ணத்துக்கு ஓரளவு ஆதாரம் இருந்தது. ஆனால், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிறகு, என்ஜினை மட்டுமன்றிப் புகைக்குழாயில் அமைந்த வினையூக்கியையும் வடிகட்டியையும் காப்பதோ கெடுப்பதோ ஆயிலின் கையில் இருப்பதால், தேர்வின் வரிசை மாறிவிட்டது. கார் தயாரிப்பாளர் கேட்கும் தரக்குறியீடு முதலிலும், பாகுநிலை அதற்கு அடுத்தும், ஆயிலின் மூலச்சரக்கு அதன் பின்னும், விற்கும் நிறுவனத்தின் பெயர் கடைசியிலும் வரவேண்டும்.

எண்கள் சொல்வது

பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் ஊர்திப் பொறியாளர் சங்கம் 1911ஆம் ஆண்டு முதல் ஆயில்களைப் பாகுநிலையின்படி வகைப்படுத்தி வருகிறது. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதையும், பின்னுள்ள எண் சூடேறிய என்ஜினில் அதன் பாகுநிலை எந்த வரம்புக்குள் நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. இவை வெப்பநிலையின் அளவுகள் அல்ல, வகைகளின் பெயர்கள் மட்டுமே. 5டபிள்யூ ஆயில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸிலும், 15டபிள்யூ ஆயில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் என்ஜினைச் சுழலவிடும் அளவு இளகி இருக்கவேண்டும். பின்னெண் 30 ஆக இருந்தால் 100 டிகிரியில் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரையிலும், 40 ஆக இருந்தால் 12.5 முதல் 16.3 வரையிலும், 50 ஆக இருந்தால் 16.3 முதல் 21.9 வரையிலும் அமையும்.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்ற வாதம் இங்கேதான் வலுவிழக்கிறது. ஓடும் என்ஜினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஒரு நிலையில் நிறுத்திவைப்பதால், வேலூரின் மே மாதமானாலும் உதகையின் டிசம்பரானாலும், சீராக ஓடும் காரில் ஆயில் சுமார் 90 முதல் 110 டிகிரிக்குள் இருக்கும். வெளிக்காற்றின் 20 டிகிரி வேறுபாடு அதில் சிறு மாற்றத்தையே உண்டாக்கும். முழுச் சுமையோடு நெடுந்தூரம் மலையேறுவதும் இடைவிடாத அதிவேகப் பயணமுமே ஆயிலை அந்த அளவுக்கு மேல் சூடாக்குகின்றன. அத்தகைய நிலையில் பேரிங்குகளின் நடுவே ஆயில் படலம் அறுபடாமல் நிற்குமா என்பதை அறிய, 150 டிகிரியில் பாகுநிலையை அளக்கும் தனிச் சோதனையும் எஸ்.ஏ.இ. தரத்தில் உண்டு.

மறுபுறம், கெட்டி ஆயிலின் தீமை காலையில் சாவியைத் திருப்பும் பொழுதே தொடங்குகிறது. 40 டிகிரியில் 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுநிலை சுமார் 60 சென்டிஸ்டோக் என்றால், 20டபிள்யூ-50 ஆயிலுக்கு அது ஏறத்தாழ 160 வரை போகும். நுண்ணிய இடைவெளிகளோடு வடிவமைக்கப்பட்ட இன்றைய என்ஜினில் இத்தகைய ஆயில் வால்வுகளையும் டர்போவின் தண்டையும் சென்றடையத் தாமதமாகும். ஆயில் அழுத்தத்தாலேயே இயங்கும் வால்வு நேர மாற்று அமைப்பு தடுமாறும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். எனினும், பல கையேடுகள் ஒரே என்ஜினுக்கு இரண்டு அல்லது மூன்று பாகுநிலைகளை அட்டவணையாகத் தருகின்றன. சுமை மிகுந்த ஓட்டத்துக்கோ, ஆயில் குறையத் தொடங்கிய பழைய என்ஜினுக்கோ, அந்த அட்டவணைக்குள் உள்ள கெட்டியான வகையைத் தேர்வது முறையானதே. அட்டவணையைத் தாண்டுவதுதான் பிழை.

பெட்ரோல் காருக்கான எழுத்துகள்

ஆயிலின் நடத்தையை அதில் கலந்துள்ள சேர்மானங்கள் தீர்மானிக்கின்றன. படிவை நீக்கும் பொருள், கரித்துகளை மிதக்கவைக்கும் பொருள், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் முதலியவை எந்த அளவில் இருக்கவேண்டும், ஆயில் எந்தச் சோதனைகளைத் தேறவேண்டும் என்பவற்றை வரையறுப்பதே தரக்குறியீடு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ., பெட்ரோல் என்ஜின் ஆயில்களுக்கு 'எஸ்' என்றும் டீசலுக்கு 'சி' என்றும் தொடங்கும் குறிகளைத் தருகிறது. 2010இல் வந்த எஸ்.என்., 2020இல் வந்த எஸ்.பி. ஆகியவற்றில் பின்னது முன்னதன் தேவைகளையும் நிறைவு செய்வதால், எஸ்.என். கேட்கும் காரில் எஸ்.பி. ஆயிலைத் தயங்காமல் ஊற்றலாம்.

நேரடி எரிபொருள் பாய்ச்சலும் டர்போவும் கொண்ட சிறிய பெட்ரோல் என்ஜின்களுக்கு இந்தக் குறி மிகவும் முக்கியமானது. குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, பொறி பற்றுவதற்கு முன்பே எரிகலவை தானாகத் தீப்பற்றிப் பிஸ்டனை உடைக்கக்கூடிய சிக்கல் அவற்றில் உண்டு. ஆயிலில் உள்ள கால்சியம் வகைச் சேர்மானம் அதைத் தூண்டுவதாகக் கண்டறியப்பட்டதால், கால்சியத்தில் ஒரு பகுதியை மெக்னீசியத்தால் பதிலீடு செய்த ஆயில்கள் வந்தன. எஸ்.பி. தரம் இந்த முன்கூட்டிய எரிதலையும் டைமிங் செயினின் தேய்மானத்தையும் சோதிக்கிறது. மெல்லிய வகைகளில் பாஸ்பரஸ் 0.08 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்றும் அது வரையறுக்கிறது. எரிந்து வெளியேறும் பாஸ்பரஸ் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்வதே இதற்குக் காரணம்.

டீசல் காரின் சாம்பல் சிக்கல்

தவறான தேர்வுக்கு மிகப் பெரிய விலை கொடுப்பது பி.எஸ்.-6 டீசல் காரே. டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி புகையிலுள்ள கரியைப் பிடித்துவைத்து, அவ்வப்போது உயர் வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. ஆனால், சிறிதளவு ஆயில் எரியும்போது அதன் உலோகச் சேர்மானங்களிலிருந்து உண்டாகும் சாம்பல் எந்த வெப்பத்திலும் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கி நுண்துளைகளை அடைக்கிறது. எனவே, ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ., இத்தகைய கார்களுக்கெனச் சாம்பல் குறைந்த 'சி' வரிசையை வகுத்துள்ளது. அதில் சி2, சி3 ஆயில்களின் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்கு மிகாது; டி.பி.எஃப். இல்லாத கார்களுக்கான ஏ3/பி4 வகையில் அது 1.6 விழுக்காடு வரை இருக்கலாம். ஏ.பி.ஐ. 'சி' குறி பெரும்பாலும் கனரக ஊர்திகளை மனத்தில் கொண்டது. லாரிக்காக விற்கும் சி.ஐ.-4 தர 15டபிள்யூ-40 ஆயிலை, அதுவும் டீசல் ஆயில்தானே என்று பி.எஸ்.-6 காரில் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுப்பது ஆயில் கெட்டதன் அடையாளம் அன்று, கரித்துகளைப் படியவிடாமல் மிதக்கவைக்கும் வேலை நடப்பதன் அடையாளம். கவலைக்குரியது டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறுவதே. நகருக்குள் சிறு தூரங்களே ஓடும் காரில் வடிகட்டியின் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோவதால், அதற்கெனப் பாய்ச்சிய டீசல் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அந்நிலையில் தவணை வரும்வரை காத்திராமல் ஆயிலை மாற்றிவிடவேண்டும்.

'சிந்தெடிக்' என்ற பெயர்

மூலச்சரக்கை ஏ.பி.ஐ. ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து படிப்படியாகக் கூடுதல் தூய்மையோடு பெறப்படுபவை. நான்காவது வேதிமுறையில் தொகுக்கப்படும் பாலிஆல்ஃபாஒலிஃபின். எஸ்டர் போன்ற ஏனையவை ஐந்தாவதில் அடங்கும். மூன்றாம் குழு ஆயிலைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களிடையே எழுந்த வழக்கில், விற்கலாம் என்று அமெரிக்கத் தேசிய விளம்பரப் பிரிவு 1999இல் முடிவு கூறியது. ஆகவே அந்தப் பெயர் மூலச்சரக்கு இன்னது என்று உறுதி சொல்வதில்லை. சிந்தெடிக் ஆயில் வெப்பத்தில் மெதுவாகவே சிதைகிறது என்பது உண்மைதான். ஆயினும், கையேடு கேட்கும் குறி இல்லாத விலை உயர்ந்த சிந்தெடிக்கைவிட, அந்தக் குறி உள்ள எளிய ஆயிலே என்ஜினுக்கு நல்லது.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

ஃபோக்ஸ்வாகன் 507 00, மெர்சிடிஸ் 229.51 போன்ற தயாரிப்பாளர் அங்கீகார எண்களைக் கையேடு கேட்டால், அந்த எண்ணுக்கு 'அங்கீகாரம் பெற்றது' என்ற சொல் டப்பாவில் இருக்கவேண்டும். 'பொருத்தமானது', 'தேவைகளை நிறைவு செய்கிறது' என்பவை ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்பவை. மாற்றும் காலத்துக்குப் பல கையேடுகள் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அது என்று கணக்கு வைக்கின்றன. நெரிசலிலும் புழுதியிலும் ஓடும் காருக்கு அதைவிடக் குறைந்த தவணையையும் அவை தனியே குறிப்பிடுகின்றன. சர்வீஸ் சென்டரில் பீப்பாயிலிருந்து ஊற்றும்போது, ஆயிலின் பாகுநிலையும் தரக்குறியீடும் பில்லில் எழுதப்படவேண்டும் என்று உரிமையாளர் கேட்டுப் பெறுவது நல்லது. ஆயிலில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், அடைபட்ட ஒரு டி.பி.எஃப்.பை மாற்றும் செலவுக்கு அருகில்கூட வராது.