காத்து நிற்கும் கைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கபடி ஆட்டத்தைப் பார்க்கும்போது நம் கண்கள் யாரைப் பின்தொடர்கின்றன? "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு எதிரணியின் களத்திற்குள் தன்னந்தனியாக நுழைகிறாரே, அவரைத்தான். அவர் ஒருவரையோ இருவரையோ தொட்டுவிட்டு நடுக்கோட்டை எட்டிவிட்டால் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. மறுநாள் செய்தித்தாளிலும் அவருடைய படமே வருகிறது. ஆனால் அவரை எதிர்கொண்டு, கைகோத்து, வளைந்து நிற்கும் எழுவரை நாம் எத்தனை பேர் பெயர் சொல்லி அறிவோம்? இரு அணிகளும் மாறி மாறிப் பாடிச் செல்வதால், ஓர் அணியின் ஆட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதி, பிடிப்பதற்காகக் காத்து நிற்பதிலேயே கழிகிறது. பாடிச் செல்பவர் புள்ளிகளைக் கொண்டு வருகிறார். பிடிப்பவரோ வந்த புள்ளிகள் போகாமல் காக்கிறார். இக்கட்டுரை அந்தப் பிடிப்பவரின் தொழிலைப் பற்றியும், அதில் பெரும்புகழ் பெற்ற தமிழர் ஒருவரைப் பற்றியும் கூற விழைகிறது.

பிடிப்பவரின் வேலை

ஆண்கள் ஆடும் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. பெண்களுக்கு 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் ஆகும். களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். பாடி வருபவருக்கு 30 வினாடிகளே உண்டு. அதற்குள் அவர் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பிடிப்பவர்கள் அவரைத் திரும்ப விடாமல் பிடித்து நிறுத்தினால் அவர்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும்.

கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் இதிலுள்ள ஆபத்தைக் கவனியுங்கள். நான்கு பேர் சேர்ந்து பிடித்தும், பாடி வந்தவர் தம் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைத் தொட்ட நான்கு பேரும் வெளியேற வேண்டும். எதிரணிக்கு நான்கு புள்ளிகள் சேரும். ஆகையால் அவசரப்பட்டுப் பாய்கிறவர் தம்மை மட்டுமன்றித் தம் தோழர்களையும் சேர்த்துக் கெடுக்கிறார். பிடிப்பவருக்கு முதலில் வேண்டியது பலம் அன்று, பொறுமைதான்.

எழுவரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரு ஓரங்களிலும் நிற்பவர்களை 'கார்னர்' என்பார்கள். பாடி வருபவரின் கணுக்காலையோ தொடையையோ தாவிப் பற்றுவது பெரும்பாலும் இவர்கள் வேலை. உள்ளே நிற்பவர்கள் 'கவர்' எனப்படுவர். இவர்கள் பாய்ந்து வழிமறிப்பார்கள் அல்லது இடுப்பைப் பற்றிக்கொள்வார்கள். இருவர் கைகோத்து வழியை அடைப்பது 'சங்கிலி'. யார் முதலில் பாய்வது, யார் பின்னால் வந்து தாங்குவது என்பதைக் கண்ணசைவிலேயே முடிவு செய்ய வேண்டும். முதலில் பிடித்தவருக்குத் துணை ஓடி வராவிட்டால் அந்தப் பிடி நிலைக்காது.

விதிகளும் கடுமையானவை. பாடி வருபவரின் வாயைப் பொத்தி மூச்சை அடக்கக் கூடாது. கால்களைக் கத்தரிபோல் பின்னிப் பிடிக்கக் கூடாது. முரட்டுத்தனமாகத் தாக்கவும் கூடாது. தடுக்க வேண்டும், ஆனால் காயப்படுத்தக் கூடாது என்பதே இந்தத் தொழிலின் அறம்.

புரோ கபடி லீக் ஆட்டங்களில் இன்னொரு விதி உண்டு. ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை பாடிச் சென்றும் புள்ளி பெறாமல் திரும்பினால், மூன்றாம் முறை செல்பவர் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவர் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். எனவே பிடிப்பவர்கள் இரண்டு முறை ஒன்றும் செய்யாமல் விலகி நின்றே எதிரியை நெருக்கடிக்குள் தள்ளிவிடலாம். சும்மா நிற்பது போலத் தோன்றும் அந்த நிற்பே ஓர் ஆயுதம்! களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பாடி வந்தவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு புள்ளிகள் கிடைக்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி தலைநிமிர்வது பெரும்பாலும் இத்தகைய பிடியினால்தான்.

இத்தனை இருந்தும் பிடிப்பவரின் கணக்கு சிறியதாகவே இருக்கும். லீக்கில் பாடிச் சென்று அதிகப் புள்ளி எடுத்த பர்தீப் நர்வாலின் புள்ளிகள் 1,700-க்கும் மேல். பிடித்து அதிகப் புள்ளி எடுத்தவர்களில் முதன்மையானவரான ஈரான் நாட்டு ஃபசல் அத்ராச்சலியின் கணக்கு 500-க்கும் மேல். ஒரே ஆட்டத்தில் பாடிச் செல்பவர் பத்துப் புள்ளி எடுத்தால் பாராட்டுவார்கள். பிடிப்பவர் ஐந்து எடுத்தாலே அது பெரிய சாதனை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அவருடைய அருமை விளங்காது.

திருச்சனம்பூண்டி தந்த 'அண்ணா'

இந்தத் தொழிலில் தமிழகத்தின் பெயரை உயர்த்தியவர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-ஆம் ஆண்டு பிறந்தவர். இவருடைய தம்பி கோபுவும் லீக்கில் ஆடியவரே.

சேரலாதன் இளைஞராக இருந்த காலத்தில் கபடிக்குத் தொலைக்காட்சி வெளிச்சம் இல்லை. ஊர்ப் போட்டிகளில் கிடைக்கும் பரிசும், ரயில்வே, காவல்துறை போன்ற துறைகளில் விளையாட்டு வீரர்களுக்குக் கிடைக்கும் வேலையுமே ஆட்டக்காரரின் பிழைப்பு. எட்டு அணிகளுடன் புரோ கபடி லீக் தொடங்கியது 2014-இல். அப்போது அவருக்கு வயது 39. பெரும்பாலான வீரர்கள் ஆட்டத்தை விட்டு ஒதுங்கிவிடும் வயது அது. அவரோ அப்போதுதான் பெங்களூரு புல்ஸ் அணியில் தொழில்முறை வாழ்வைத் தொடங்கினார்.

2016-ஆம் ஆண்டு அவருக்குப் பொன்னான ஆண்டு. அவர் தலைமை தாங்கிய பாட்னா பைரேட்ஸ் அணி, ஜூலை 31 அன்று ஹைதராபாதில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூர் அணியை 37-29 என்ற கணக்கில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாதில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடந்தன. இந்திய அணியிலேயே வயதில் மூத்தவராக, 41 வயதில் அவர் இடம்பெற்றிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 32-34 என்று இந்தியா தோற்றது. இறுதிப் போட்டியிலும் இடைவேளையின்போது ஈரான்தான் 18-13 என்று முன்னிலையில் இருந்தது. ஆயினும் இந்தியா மனம் தளராமல் ஆடி 38-29 என்று வென்றது.

அதன்பின் 2017-இல் புனேரி பல்டன் அணியிலும், 2018-இல் யு மும்பா அணியிலும் ஆடினார். யு மும்பாவில் அவருக்கு வாய்த்த அணித்தலைவர் யார் தெரியுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பை இறுதியில் எதிரணியில் இருந்த அதே ஃபசல் அத்ராச்சலி! தம்மைவிடப் பதினேழு வயது இளையவரின் தலைமையை ஏற்று, அவருடன் தோளோடு தோள் நின்று ஆடினார் சேரலாதன். 2019-இல், 44-ஆம் வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு அவரே தலைவரானார். எந்த அணிக்குச் சென்றாலும், எந்த மொழி பேசுபவராயினும், உடன் ஆடுவோர் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். ஒரு தமிழ்ச் சொல் வடநாட்டு வீரர்களின் வாயிலும் மரியாதைச் சொல்லாகப் புழங்கியது நமக்குப் பெருமை அல்லவா?

இத்தனை நாள் அவர் எவ்வாறு நிலைத்தார்? பாடிச் செல்பவருக்கு வேகமே மூலதனம். வயது ஏற ஏற வேகம் குறையும். பிடிப்பவருக்கோ பார்வையே மூலதனம். எதிரி எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பார், எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது மூச்சு தளர்வார் என்பதைக் கண்டு கண்டு தேர்ந்த கண்ணுக்கு வயதாவதில்லை.

பிடிப்பவரின் மதிப்பை ஏலக்காரர்களும் மெல்ல உணர்ந்தனர். 2014-இல் நடந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலையே 12.8 லட்சம் ரூபாய்தான். 2018-இல் பிடிப்பவரான ஃபசலை யு மும்பா ஒரு கோடி ரூபாய்க்கு எடுத்தது.

அமெரிக்காவில் ஒருவர்

நம் கபடிக்கும் அமெரிக்கர்களின் கால்பந்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அவர்கள் பெயருக்குத்தான் கால்பந்து என்கிறார்கள். உண்மையில் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம், அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது தடுப்பவர்களின் வேலை. கபடியில் மூன்று முறை, அங்கே நான்கு முறை. காத்து நின்று எதிரியின் வாய்ப்புகளைத் தீர்த்துவிடுவதே இரண்டிலும் தடுப்பவரின் வெற்றி.

அந்த ஆட்டத்தில் புகழ்பெற்ற தடுப்பாளர் ஆலன் பேஜ். 1945-இல் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். நம்மைப் போலவே கத்தோலிக்கப் பள்ளியில் படித்து, நோட்டர்டாம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1967-இல் மினசோட்டா வைகிங்ஸ் அணியில் சேர்ந்தார். 1971-இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை வென்றார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருடைய அணி நான்கு முறை இறுதிப் போட்டிக்குச் சென்றும் ஒரு முறைகூட வெல்லவில்லை.

ஆயினும் அவருடைய உண்மையான வெற்றி வேறிடத்தில் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே சட்டம் படித்து 1978-இல் சட்டப் பட்டம் பெற்றார். 1981-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1993-இல் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகப் பதவியேற்று, 2015-இல் 70 வயது நிறையும்வரை பணியாற்றினார். மாணவர்களின் முயற்சியால் 2017-இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. களத்தில் ஓடி வருபவரைத் தடுத்தவர், நீதிமன்றத்தில் அநீதியைத் தடுக்கும் இருக்கையில் அமர்ந்தார்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், விளையாட்டுத் தொழில் குறுகிய காலத் தொழில். முழங்காலோ தோளோ ஒரு முறை விலகினால் போதும், எல்லாம் முடிந்துவிடலாம். சேரலாதனைப் போல நாற்பது வயதைத் தாண்டியும் ஆடுவோர் மிகச் சிலரே. ஆகவே ஆட்டத்தோடு கல்வியும் கைகோத்து வர வேண்டும். சங்கிலியில் ஒரு கை விட்டுப்போனால் எதிரி அந்த வழியாகத்தான் தப்பிச் செல்வார்.

நமக்கும் இடம் உண்டு

'இது ஆண்களின் ஆட்டம், நமக்கென்ன?' என்று தோழியர் கேட்கக்கூடும். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்களுக்கான கபடி 1990-இல் பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டது. பெண்களுக்கு அந்த இடம் கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 2010-இல் குவாங்சோவில் நம் பெண்கள் முதல் தங்கத்தை வென்றனர். 2014-இலும் வென்றனர். 2018-இல் இறுதிப் போட்டியில் ஈரானிடம் 24-27 என்று தோற்றனர். அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி அளித்தவர் நம் நாட்டு நாசிக் நகரைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்பது வியப்பான செய்தி. 2023-இல் ஹாங்சோவில் நடந்த இறுதிப் போட்டியில் சீன தைபே அணியை ஒரே ஒரு புள்ளியில், 26-25 என்று, வென்று தங்கத்தை மீட்டனர். ஒரு புள்ளி என்பது ஒரே ஒரு பிடி! 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும் இருந்தார்.

ஆயினும் ஆண்களுக்கு உள்ளது போன்ற தொழில்முறை லீக் பெண்களுக்கு இன்னும் நிலைபெறவில்லை. 2016-இல் மூன்று அணிகளைக் கொண்டு ஒரு சிறு தொடர் நடத்தினர். அது ஆண்டுதோறும் தொடரவில்லை. எனவே கபடி ஆடும் பெண்ணுக்கு இன்று பெரிய துணை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் அரசு வேலையும் ரயில்வே வேலையும்தான். அந்த வேலைக்குக் கோப்பையை மட்டும் காட்டினால் போதாது. படித்த சான்றிதழும் வேண்டும்.

எங்கள் சித்தேரி மலையில் பொங்கலின்போது சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடி ஆடுவார்கள். ஏற்ற இறக்கத்தில் நடந்தும், தண்ணீர்க் குடமும் விறகும் சுமந்தும் உரமேறிய கால்கள் எங்கள் பெண்களுடையவை. ஆனால் அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். சிறு வயதில் ஆடியவர்களும் பெரியவளானதும் நின்றுவிடுகிறார்கள். சிலர் ஆட்டத்தோடு பள்ளியையும் விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு என்பது எங்களில் பலருக்கு நடுக்கோடு. அதைத் தாண்டவிடாமல் பல கைகள் பின்னுக்கு இழுக்கின்றன. பாடி வருபவருக்கு அந்நேரம் வேண்டியது மூச்சு. அவருக்காகக் காத்து நிற்பவர்களுக்கு வேண்டியது ஒற்றுமை. ஒருத்தி படிப்பை விடும் நிலைக்கு வந்தால், தோழியர் நாம் ஓடிச் சென்று கைகொடுக்க வேண்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் கைகோத்தால் அந்தச் சங்கிலி இன்னும் வலுப்பெறும்.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் ஓட்டப் பந்தயத்தை வாழ்வுக்கு உவமையாகக் காட்டியிருக்கிறார். ஓடுபவருக்குப் பரிசு உண்டு. ஓடாமல் நின்று பிறருக்காகக் காப்பவருக்கும் பரிசு உண்டு என்பதைச் சேரலாதனின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது. அடுத்த முறை கபடி பார்க்கும்போது, பாடிச் செல்பவரோடு சேர்த்து, ஓரத்தில் குனிந்து நிற்பவரையும் பாருங்கள். ஆட்டத்தின் முடிவு பல நேரங்களில் அவர் கையில்தான் இருக்கிறது.